ஏழு நாள் நிறம்

வெயிலில் காயாமலே சருமத்தைப் பழுப்பாக்கும் மேல்நாட்டு லோஷனுக்கு, சிவப்பழகைத் தேடி அலையும் இந்தியாவில் என்ன வேலை? வெண்புள்ளியுடன் மணமேடை ஏறுகிறவர்களுக்கு அது கைகொடுக்கிறது. எதை மறைக்கலாம், யாரிடம் மறைக்கக் கூடாது என்ற கேள்வியையும் கூடவே எழுப்புகிறது.

கல்யாணத் தேதி குறித்த மறுநாளே சருமக் கவலை தொடங்கிவிடும். இது எல்லா நாட்டுக்கும் பொது. கவலையின் திசைதான் வேறு. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் மணப்பெண்கள் வெள்ளை கவுனில் வெளிறித் தெரியக் கூடாது என்று நினைக்கிறார்கள். நீச்சலுடையின் பட்டை தோளில் பதித்த வெள்ளைக் கோடுகளை அழித்து, உடம்பை ஒரே நிறமாக்க விரும்புகிறார்கள். அதற்காகவே பழுப்பு நிறம் தரும் லோஷனைப் பூசிக்கொள்கிறார்கள்.

இந்தியாவில் கதை தலைகீழ். டெல்லி கரோல் பாகிலிருந்து சென்னை தியாகராய நகர்வரை அழகு நிலையங்களின் விலைப்பட்டியலில் ‘டீ-டேன்’ என்ற வரியைப் பார்க்கலாம். வெயில் கொடுத்த கருமையை எடுப்பதற்கான கட்டணம் அது. 1975இல் அறிமுகமான ‘ஃபேர் அண்ட் லவ்லி’, 2020இல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு ஒரு பிரபல திருமண இணையதளம், வரனை நிறம் பார்த்துத் தேடும் வசதியை நீக்கியது. பெயர் மாறியது, வசதி போனது. ஆசை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இப்படிப்பட்ட நாட்டில் சருமத்தைக் கருக்கவைக்கும் லோஷனைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்?

வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். விளம்பரம் பார்த்து அல்ல, பெரும்பாலும் தோல் மருத்துவர் சொல்லி. புறங்கையில், விரல் நுனிகளில், கழுத்தில், கணுக்காலில் வெண்புள்ளி உள்ள இளைஞர்களும் இளம்பெண்களும்தான் அவர்கள். முகூர்த்தத்தன்று தாலி கட்டும் கையையும், மெட்டி அணியும் காலையும் நூறு ஜோடிக் கண்கள் பார்க்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். மேல்நாட்டு மணப்பெண்ணின் நீச்சலுடைக் கோட்டை மறைக்கும் அதே ரசாயனம்தான் இவர்களுடைய வெள்ளைத் திட்டையும் மறைக்கிறது.

பெயரிலேயே பழி

வெண்புள்ளி உயிரைக் குடிக்கும் நோய் அல்ல. வலிக்காது, தொட்டால் ஒட்டாது. சருமத்துக்கு நிறம் தரும் மெலனினைத் தயாரிக்கும் செல்களை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே தவறாகத் தாக்கி அழித்துவிடுகிறது. நிறம் போன இடம் பால் வெள்ளையாகிறது. உலக மக்கள்தொகையில் 0.5 முதல் 2 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. வெள்ளைத் தோலில் சட்டென்று தெரியாத திட்டு, மாநிறத்திலும் கறுப்பிலும் தூரத்திலிருந்தே தெரிகிறது. நோய் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் என்றாலும் இந்தியர்களுக்கு அதன் சுமை கூடுதல். காரணம் இதுதான்.

பெயரும் தன் பங்குக்குச் சேதம் செய்திருக்கிறது. தமிழில் நீண்ட காலம் ‘வெண்குஷ்டம்’ என்றே சொல்லி வந்தார்கள். இந்தியில் ‘சஃபேத் தாக்’ என்பது வெள்ளைக் கறை. அதையும் தாண்டி ‘சஃபேத் கோட்’ என்பார்கள், அதாவது வெள்ளைத் தொழுநோய். தொழுநோய் ஒரு பாக்டீரியாவால் வருவது. பாதித்த இடத்தில் உணர்ச்சி குறையும். வெண்புள்ளிக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. வெள்ளைத் திட்டில் ஊசி குத்தினால் மற்ற இடத்தில் வலிப்பது போலவே வலிக்கும். ஆனாலும் பெயரில் ஒட்டிக்கொண்ட அந்த ஒரு சொல் எத்தனையோ வரன்களைத் தட்டிவிட்டிருக்கிறது. ‘வெண்புள்ளி’ என்று சொல்லுங்கள் என விழிப்புணர்வு அமைப்புகள் தமிழ்நாட்டில் வலியுறுத்தி வந்ததும் இதனால்தான்.

பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் இன்னொரு கேள்வி, ‘பிள்ளைக்கு வருமா?’ பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. தாய், தந்தையரில் ஒருவருக்கு இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு சுமார் 5 முதல் 7 சதவீதம் என்கின்றன மருத்துவ நூல்கள். அதாவது, நூறு குழந்தைகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு வராது. தைராய்டு கோளாறு சிலருக்குச் சேர்ந்து வருவதால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஜாதகம் பார்க்கிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்த்தால் பாதி பயம் தெளியும்.

தோசையும் மருதாணியும்

லோஷனில் இருப்பது டைஹைட்ராக்ஸி அசிட்டோன். சுருக்கமாக டிஎச்ஏ. மூன்றே கார்பன் அணுக்கள் கொண்ட சாதாரணச் சர்க்கரை இது. கிளிசரினை நுண்ணுயிர்களைக் கொண்டு புளிக்கவைத்துத் தயாரிக்கிறார்கள்.

அது நிறம் தரும் என்பது தற்செயலாகத் தெரியவந்தது. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஈவா விட்கன்ஸ்டைன் என்ற ஆய்வாளர், ஒருவகை வளர்சிதைக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு டிஎச்ஏயை வாய்வழி மருந்தாகக் கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் துப்பிய மருந்து பட்ட தோல் சில மணி நேரத்தில் பழுப்பானது. துணியில் மட்டும் கறை படியவில்லை. அந்தக் கரைசலைத் தன் தோலிலேயே பூசிப் பார்த்தார். அங்கேயும் பழுப்பு. 1960இல் ‘சயின்ஸ்’ இதழில் ஆய்வுக் கட்டுரை வந்தது. அதே ஆண்டிலேயே வெயில் இல்லாமல் பழுப்பாக்கும் லோஷன் அமெரிக்கக் கடைகளுக்கு வந்துவிட்டது. 1970களில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் டிஎச்ஏயை வெளிப்பூச்சுக்கான நிறமியாக அனுமதித்தது.

நிறம் எப்படி வருகிறது? தோசையின் அடிப்பக்கம் பொன்னிறமாவதை, ரொட்டியின் மேல் ஓடு சிவப்பதை நினைத்துப் பார்த்தால் போதும். சர்க்கரையும் புரதத்தின் அமினோ அமிலமும் சேர்ந்தால் பழுப்பு பிறக்கும். 1912இல் லூயி கமில் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்த வினை இது. அடுப்பில் சூடு வேண்டும். டிஎச்ஏ துடிப்பான சர்க்கரை என்பதால் உடம்பின் வெதுவெதுப்பே போதும். பூசி இரண்டு மூன்று மணி நேரத்தில் நிறம் எழும்பும். ஒரு நாளில் முழுமை அடையும்.

இந்த நிறம் உட்கார்வது சருமத்தின் மிக மேலான அடுக்கில். அங்கே இருப்பவை ஏற்கனவே இறந்துபோன செல்கள். அவை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கின்றன. கூடவே நிறமும் போகிறது. ஐந்திலிருந்து ஏழு நாள், அவ்வளவுதான் ஆயுள். மெலனினுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அதனால்தான் மெலனின் செல்லே இல்லாத வெண்புள்ளியிலும் இது வேலை செய்கிறது.

இந்தியப் பெண்களுக்கு இது அந்நியமான வித்தையும் அல்ல. மருதாணி செய்வதும் ஏறக்குறைய இதையேதான். மருதாணி இலையில் உள்ள லாசோன் என்ற நிறமி, தோலின் அதே மேலடுக்கில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. உள்ளங்கையில் அடர்ந்து, முழங்கையில் வெளிறுவதற்குக் காரணம் தோலின் தடிமன். டிஎச்ஏயும் தடித்த தோலில் அதிகம் பிடிக்கும். முட்டியிலும் முழங்கையிலும் கணுக்காலிலும் திட்டுத்திட்டாக இருண்டுவிடுவது இதனால்தான். லோஷனை ஒரே சீராகப் பூசத் தெரியாதவர்கள் முதலில் மாட்டிக்கொள்ளும் இடங்களும் இவையே.

நலங்குக்கு முன்னா, பின்னா?

மேல்நாட்டு லோஷன் பாட்டிலில் அச்சடித்த செய்முறை இந்தியக் கல்யாணத்துக்குப் பொருந்தாது. அங்கே ஒரு நாள் விழா. இங்கே ஹல்தி, மெஹந்தி, நலங்கு, மங்கள ஸ்நானம், முகூர்த்தம், வரவேற்பு என்று மூன்று நாளாவது ஓடும். இதில் ஒவ்வொரு சடங்கும் டிஎச்ஏ நிறத்தோடு மோதக்கூடியது.

மஞ்சள் பூசித் தேய்ப்பதும், கடலை மாவும் நலங்கு மாவும் போட்டு உருட்டி எடுப்பதும் தோலின் மேலடுக்கை அகற்றத்தான். நிறம் இருப்பதும் அதே அடுக்கில். நலங்குக்கு முதல் நாள் பூசிய லோஷன் நலங்கு முடியும்போது பாதி காணாமல் போயிருக்கும். எண்ணெய்க் குளியலுக்கும் இதே கதி. ஆகவே தேய்ப்பு, குளியல், ரோமம் நீக்குதல் எல்லாம் முடிந்த பிறகுதான் லோஷன். நிறம் பிடிக்க இரவு முழுவதும் விடவேண்டும். ஆறேழு மணி நேரமாவது தண்ணீர் படக் கூடாது, வியர்க்கக் கூடாது. விடிகாலை முகூர்த்தம் என்றால் முந்தின நாள் மாலைக்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். காலையில் குளிக்கலாம், தேய்க்கக் கூடாது.

வெண்புள்ளிக்குப் பூசும் முறையும் வேறு. மேல்நாட்டுப் பெண் உடம்பு முழுவதும் பூசுவாள். இங்கே வெள்ளைத் திட்டில் மட்டும் பூசவேண்டும். விளிம்பைத் தாண்டினால் சுற்றியுள்ள நல்ல தோலும் கறுத்து, வெள்ளைத் திட்டைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் விழும். எனவே திட்டைச் சுற்றி வாசலினை மெல்லிய கோடாகப் போட்டு அணை கட்டிக்கொண்டு, பஞ்சு சுற்றிய குச்சியால் உள்ளே மட்டும் தொட்டுத் தொட்டு வைக்கவேண்டும். முடித்ததும் கையைச் சோப்பால் கழுவாவிட்டால் உள்ளங்கை மறுநாள் காட்டிக்கொடுக்கும்.

எல்லா நிறத்துக்கும் இது ஒத்துவருமா? டிஎச்ஏ தருவது சற்று மஞ்சள் கலந்த பழுப்பு. மாநிறத்தோடு நன்றாகக் கலந்துவிடும். நல்ல கறுப்பு நிறத்தோடு முழுதாக ஒத்துப்போவது கடினம். கடையில் கிடைக்கும் சாதாரண லோஷன்களில் 3 முதல் 5 சதவீத டிஎச்ஏ இருக்கும். இந்தியத் தோலுக்கு அதைவிட அடர்த்தி தேவைப்படலாம், இரண்டு மூன்று தடவை பூச நேரலாம். மிச்சமிருக்கும் வித்தியாசத்தை மேலே ஒப்பனை கிரீம் போட்டுச் சரிக்கட்டலாம். உதடு, கண்ணோரம் ஆகிய இடங்களில் டிஎச்ஏ கூடவே கூடாது. அங்கே வெள்ளைத் திட்டை மறைக்க அதற்கென்று உள்ள அடர்த்தியான ஒப்பனைப் பொருள்கள்தான் கதி. முகம் முழுவதற்கும்கூட அதுவே வசதி என்று கருதுகிறவர்கள் உண்டு. இரவில் கழுவிவிடலாம், தவறு செய்தால் திருத்தலாம்.

ஒத்திகை இல்லாமல் மேடை ஏறக் கூடாது. கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பே மறைவான ஒரு சிறு திட்டில் பூசிப் பார்த்துவிடவேண்டும். அரிப்போ தடிப்போ வருகிறதா, என்ன நிறம் வருகிறது, எத்தனை நாள் நிற்கிறது, எப்படி வெளுக்கிறது என்ற நான்கு கேள்விகளுக்கும் அதில் பதில் கிடைக்கும். லோஷனுக்கே உரிய ஒருவித நெடியும் உண்டு. மல்லிகையும் சந்தனமும் அதை அமுக்கிவிடும் என்று நம்பாமல் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

பட்டுப் புடவைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விட்கன்ஸ்டைனின் ஆய்வுக்கூடத்தில் துணியில் கறை படியாததற்குக் காரணம் பருத்தியில் புரதம் இல்லாததே. பட்டு முழுக்க முழுக்கப் புரதம். லோஷன் காயாத கையோடு காஞ்சிபுரம் பட்டைத் தொட்டால் தோலில் நடக்கும் அதே வினை ஜரிகை ஓரத்திலும் நடக்கும். அந்தக் கறை ஏழு நாளில் போகாது.

லோஷன் பூசிய தோல் பழுப்பாகத் தெரிவதால் அது வெயிலைத் தாங்கும் என்று எண்ணுவதும் தவறு. மெலனின் இல்லாத திட்டு வெயிலில் எளிதில் சிவந்து புண்ணாகும். மேலே சாயம் ஏறியிருப்பதால் அந்தக் குணம் மாறுவதில்லை. சன்ஸ்கிரீனுக்கு விடுமுறை கிடையாது. பூசிய முதல் நாள் வெயிலைத் தவிர்க்கவேண்டும். ஒளிச் சிகிச்சை எடுத்துவருகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் பூசவேண்டும், இந்தச் சாயம் ஒளியில் ஒரு பகுதியைத் தடுக்கக்கூடியது.

மூன்று வாரத்தில் மாயம் இல்லை

வட இந்தியாவில் ரயிலில் போகிறவர்களுக்கு அந்தச் சுவர் விளம்பரங்கள் பழக்கம்: ‘சஃபேத் தாக்’ குணமாகும் என்ற உத்தரவாதம், கீழே ஒரு தொலைபேசி எண். வெண்புள்ளியைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடைசெய்கிறது. அதன் அட்டவணையில் இந்த நோயின் பெயரும் உண்டு. சுவர்களுக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை.

உண்மையான சிகிச்சைகள் உண்டு. கார்போகரிசியைப் பூசி வெயில் காட்டும் பழைய வைத்தியத்தில் அறிவியல் இருந்தது. அந்த விதையில் உள்ள சோரலென் என்ற பொருளே பிற்காலத்தில் நவீன ஒளிச் சிகிச்சைக்கு அடித்தளமானது. 1990களின் பிற்பகுதியிலிருந்து குறுகிய அலைவரிசைப் புற ஊதாக் கதிர்ச் சிகிச்சை பரவியது. வாரம் இரண்டு மூன்று முறை, மாதக்கணக்கில் போகவேண்டும். நோய் ஒரு வருடமாவது பரவாமல் நின்றிருந்தால் நல்ல தோலிலிருந்து மெலனின் செல்களை எடுத்து வெள்ளைத் திட்டில் பதிக்கும் அறுவை முறையும் உண்டு. டெல்லி எய்ம்ஸ், சண்டிகர் பிஜிஐ போன்ற நிறுவனங்களில் இதில் அனுபவம் அதிகம். 2022இல் ருக்சோலிட்டினிப் என்ற கிரீமை அமெரிக்கா வெண்புள்ளிக்கென்றே அனுமதித்தது. அதற்கும் பொறுமை வேண்டும். பலன் தெரிய ஆறு மாதம் ஆகலாம். விரல் நுனியும் பாதமும் எந்தச் சிகிச்சைக்கும் சுலபத்தில் மசிவதில்லை.

சிகிச்சைக்கு மாதங்கள் வேண்டும். கல்யாணத்துக்கோ வாரங்கள்தான் இருக்கும். இந்த இடைவெளியில்தான் தவறுகள் நடக்கின்றன.

முதல் தவறு, நல்ல தோலை வெளுக்கவைத்து வித்தியாசத்தைக் குறைக்கலாம் என்ற யோசனை. மருந்துக் கடைக்காரரோ தோழியோ சொன்ன கிரீமில் ஸ்டீராய்டு இருக்கும். சில நாள் முகம் பளிச்சென்று இருக்கும். நிறுத்தினால் சிவந்து எரியும், பரு கிளம்பும், முடி முளைக்கும், தோல் மெலிந்து ரத்த நாளங்கள் தெரியும். இந்தியாவில் 12 மையங்களில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், முகத்தில் தோல் கோளாறுடன் வந்த 2,926 பேரில் 433 பேர் இத்தகைய ஸ்டீராய்டு கிரீம்களைப் பூசி வந்தது தெரிந்தது. 2018இல் மத்திய அரசு இவற்றில் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. மருத்துவர் மேற்பார்வையில் வெண்புள்ளிக்கே ஸ்டீராய்டு கொடுப்பது உண்டு. அது அளவோடு, காலக்கெடுவோடு தரும் மருந்து. அழகு கிரீம் அல்ல.

இரண்டாவது தவறு, பெயர் தெரியாத சிவப்பழகு கிரீம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு அரிதான ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். குற்றவாளி, கிரீமில் கலந்திருந்த பாதரசம். ஜப்பானில் 2013இல் இன்னொரு விபரீதம். ஒரு பெரிய நிறுவனத்தின் வெளுப்பாக்கும் கிரீம்களைப் பூசிய 18,000க்கும் அதிகமானோருக்கு வெள்ளைத் திட்டுகள் விழுந்தன. சிவப்பாகப் போனவர்களுக்கு வெண்புள்ளி கிடைத்தது.

மூன்றாவது தவறு, கல்யாணச் சாமான்களிலேயே ஒளிந்திருக்கிறது. பத்து நிமிடத்தில் கறுகறுவென்று பிடிக்கும் ‘கறுப்பு மெஹந்தி’யில் இருப்பது மருதாணி அல்ல, தலைச்சாயத்தில் உள்ள பிபிடி என்ற ரசாயனம். கொப்புளம் வரவைக்கும், சிலருக்கு அந்த இடத்தில் நிறத்தையும் எடுத்துவிடும். ஸ்டிக்கர் பொட்டின் பசையில் உள்ள ஒரு ஃபீனால் வகை, நெற்றியில் பொட்டு அளவுக்கே வெள்ளை வட்டம் போடும் என்பதை இந்திய மருத்துவர்கள் 1980களிலேயே எழுதிவைத்தார்கள். நோய் பரவிவரும் கட்டத்தில் உரசலும் காயமும்கூடப் புதுத் திட்டை உண்டாக்கும். இறுகக் கட்டிய பாவாடை நாடா, அழுத்தித் தேய்க்கும் ஸ்க்ரப், கையை நெரித்து ஏற்றும் வளையல், கடிக்கும் புதுச் செருப்பு எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். அழகுக்காகச் செய்ததே திட்டைப் பெருக்கிவிடக்கூடும்.

இவற்றோடு ஒப்பிட்டால் டிஎச்ஏ சாது. தோலின் உயிருள்ள பகுதியை அநேகமாகத் தொடாது, நோயைக் கூட்டாது, குறைக்காது. வெறும் சாயம். அதன் நல்ல குணமும் அதுவே, எல்லையும் அதுவே.

சம்பந்தியிடம் சொல்லியாயிற்றா?

லோஷன் பாட்டிலில் எழுதாத கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. ஏழு நாளில் நிறம் போய்விடும். எட்டாம் நாள்?

மேடையில் நிற்கும் பெண் விருந்தாளிகளின் கண்ணுக்கும் வீடியோக்காரரின் கேமராவுக்கும் தன் புறங்கையைக் காட்டவேண்டிய கட்டாயம் இல்லை. ஆயிரம் பேர் கூடும் இடத்தில் யார் எதைப் பார்க்கலாம் என்பதை முடிவு செய்யும் உரிமை அவளுக்கு உண்டு. பருவை மறைக்கிறார்கள், நரையை மறைக்கிறார்கள். திட்டை மறைத்தால் மட்டும் அது மோசடி ஆகிவிடாது. ஆனால் கட்டிக்கொள்ளப் போகிறவரிடமும் மறைப்பது வேறு விஷயம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும்போதுதான் வீடுகள் சிக்கலில் மாட்டுகின்றன. பெரும்பாலும் அந்த முடிவை எடுப்பது மணப்பெண் அல்ல. ‘முதலில் தாலி ஏறட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லும் பெரியவர்கள்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்து திருமணச் சட்டத்தில் வெண்புள்ளி விவாகரத்துக்கான காரணமாக ஒருபோதும் இடம்பெற்றதில்லை. தொழுநோய் இருந்தது, 2019இல் அதையும் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. ஆனால் அதே சட்டத்தின் 12(1)(சி) பிரிவு, மணமகன் அல்லது மணமகளைப் பற்றிய முக்கியமான உண்மையை ஏமாற்றி மறைத்துச் சம்மதம் பெற்றிருந்தால் திருமணத்தை ரத்து செய்யக் கோரலாம் என்கிறது. உண்மை தெரிந்த ஓராண்டுக்குள் மனுப் போடவேண்டும். தெரிந்த பிறகும் மனமொப்பிச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் கேட்க முடியாது. ஒரு வெள்ளைத் திட்டு ‘முக்கியமான உண்மை’தானா என்பதை நீதிமன்றம் அந்தந்த வழக்கை வைத்துத்தான் பார்க்கும். வழக்கு என்ன ஆனாலும், கல்யாணமான பெண் தன் தோலைச் சாட்சியாக நிறுத்தவேண்டிய நிலை வந்துவிடுகிறது. முன்பே சொன்ன ஒரு வாக்கியம் அந்த அவமானத்தைத் தடுத்திருக்கும்.

சொல்லிவிட்டுக் கல்யாணம் செய்வது சாத்தியமா? சாத்தியமாக்கியவர்கள் இருக்கிறார்கள். புனேயில் டாக்டர் மாயா துல்புலே நடத்திவரும் ‘ஷ்வேதா’ அமைப்பு அதற்கு உதாரணம். அவருக்கே வெண்புள்ளி உண்டு. வெண்புள்ளி உள்ளவர்கள் கூடிப் பேசவும், வரன் தேடுகிறவர்கள் ஒருவரையொருவர் நேரில் சந்திக்கவும் அந்த அமைப்பு வழிசெய்கிறது. சுமித்ரா பாவே, சுனில் சுக்தன்கர் இருவரும் இயக்கிய ‘நிதள்’ என்ற மராத்திப் படம் 2006இல் வெளியானது. வெண்புள்ளி உள்ள ஒரு பெண் டாக்டரும், அவளை மணக்க விரும்பும் இளைஞனின் குடும்பமும்தான் கதை. ஜூன் 25ஆம் தேதி உலக வெண்புள்ளி நாளாக 2011 முதல் அனுசரிக்கப்படுகிறது. இந்த நோயோடு வாழ்ந்த மைக்கேல் ஜாக்சன் இறந்த தேதி அது.

பெண் பார்க்க வரும்போதே சொல்லவேண்டுமா, ஜாதகம் அனுப்பும்போதே எழுதவேண்டுமா என்பது அவரவர் வசதி. நிச்சயதார்த்தத்துக்கு முன்பு சொல்லிவிடுவது நல்லது. அதுவும் தரகர் வழியாகவோ மூன்றாம் மனிதர் வழியாகவோ அல்ல. ‘இது தொற்றாது, தொழுநோய் இல்லை, பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. வேண்டுமானால் எங்கள் மருத்துவரிடம் நீங்களே பேசுங்கள்’ என்ற நான்கு வரி போதும். கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் மூன்று மாதம் கழித்துப் போவதைவிட அன்றைக்கே போவது மேல். உட்கார்ந்து மேற்கொண்டு பேசுகிற வீட்டில் லோஷன் பாட்டிலை ஒளித்துவைக்க வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட வீட்டில்தான் அந்த லோஷனுக்கு மரியாதை. மணப்பெண் விரும்பினால் வரவேற்புக்குப் பூசிக்கொள்வாள், விரும்பாவிட்டால் விட்டுவிடுவாள். நிறம் வெளுக்கும் ஏழாம் நாள் அவளுக்கு இன்னொரு சாதாரண நாளாகவே விடியும்.